இடது பக்கம் சாயும் படகு

அப்பா பெயரில் ஏரிக்கரையில் ஒரு ஷெட் இருக்கிறது என்பது அவளுக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது.

படகு யார்டின் மேனேஜர் போன் செய்தபோது அவள் பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட் குழிக்குள் எண்ணெய்க் கையோடு நின்றிருந்தாள். யார்டை மூடுகிறார்களாம். மூன்று மாதத்துக்குள் ஷெட்டைக் காலி செய்யவேண்டுமாம். அப்பாவைக் கூப்பிட்டால் கேட்டுவிட்டுப் பேசாமல் வைத்துவிடுகிறாராம். ராங் நம்பர் என்று சொல்ல வாயெடுத்தவள், மேனேஜர் அப்பாவின் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் படித்ததும் நிறுத்திக்கொண்டாள்.

தண்ணீரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர் அவர். பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்புக்குக் கையெழுத்துப் போட மறுத்தவர். கல்யாணமான புதிதில் அவள் கடலோர ஊர் ஒன்றுக்குக் கிளம்பியபோது வாசலில் குறுக்கே நின்று, மாப்பிள்ளை முன்னால் அவளைத் தலைகுனிய வைத்தவர். அந்தக் கல்யாணம் நிலைக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவள் இன்றுவரை நம்புகிறாள். எல்லாவற்றுக்கும் அம்மாதான் பதில். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது படகு பாறையில் மோதி உடைந்து அடியோடு மூழ்கியது, மீன்பிடிக்கிறவர்கள் அப்பாவையும் அவளையும் தூக்கினார்கள், அம்மா கிடைக்கவில்லை. அவளுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். முப்பத்தொன்பது வருஷத்தில் அதில் ஒரு வார்த்தை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

மறுநாள் மத்தியானம் வேலைப் பையோடு போனாள். பூட்டு துருவேறி ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. வெட்டினாள். கதவைத் தள்ளியதும் பழைய எண்ணெய், எலிப்புழுக்கை, காய்ந்த மரம் எல்லாம் கலந்த புழுக்கம் முகத்தில் அடித்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாடை இருந்தது. பிழியாமல் சுருட்டி வைத்த துணியின் வாடை. தார்ப்பாயை இழுத்தாள்.

மஹாகனிப் படகு. இருபதடி நீளம், முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் ஒன்று, மூக்கில் பித்தளைத் தகடு, தகட்டில் 4 என்ற எண். வீட்டில் இருந்த ஒரே போட்டோவில் அம்மா இடது பக்க முன் இருக்கையில் உட்கார்ந்து, படகின் விளிம்பில் கையை வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். அந்தப் படகு இதுதான். எங்கேயும் உடையவில்லை. கீழே குனிந்து, டார்ச் அடித்து, அடிப்பலகை முழுவதையும் தடவிப் பார்த்தாள். ஒரு விரிசல்கூட இல்லை. பாறை என்பதே பொய்.

காதுமடல் சூடேறியது. அந்தச் சூட்டோடேயே அவள் கண் இன்னொன்றையும் கவனித்தது. படகு நேராக நிற்கவில்லை. நாலு மரத் தாங்கிகளின் மேல் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. இருபது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவளுக்கு இரண்டு மில்லிமீட்டர் சாய்வே கண்ணை உறுத்தும், இது ஒரு விரல் அளவு இருந்தது. ரசமட்டத்தை எடுத்து வைத்தாள். தரை மட்டம். தாங்கிகள் நாலும் ஒரே உயரம். படகு மட்டும் சாய்ந்திருந்தது. ஒரு மர ஆப்பை இடது பக்கத் தாங்கியில் சுத்தியால் அடித்து இறக்கி நிமிர்த்திவிட்டு, புதுப் பூட்டுப் போட்டுவிட்டு வந்தாள்.

அன்றைக்கு வீட்டில் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வாயை மூடிக்கொள்வார். ஓடாத லிஃப்டைக் கத்தி ஓடவைக்க முடியாது, எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் கை வைக்கவேண்டும். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அவர் மெல்லுவதையே பார்த்தாள். எழுபத்தெட்டு வயது. நிதானமாக மென்றார்.

படகைப் பற்றி விவரம் வேண்டும் என்றுதான் போட்டோக்களை இணையத்தில் போட்டாள். பழைய மோட்டார் படகுகளுக்கென்று ஒரு குழு இருந்தது. கிழட்டுப் படகுக் கிறுக்கர்கள் என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் ஒருவர் எழுதினார்: "தகட்டைத் தேய்க்காதீங்க. எதையும் தொடாதீங்க. நான் பஸ் ஏறிட்டேன்."

அவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்தவர், ஷெட் வாசலில் நின்று படகைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எஞ்சின் மூடிக்கு முன்னால் போய்க் குனிந்து, "வாயை நல்லாத் திறங்க, வலிக்காது," என்றார். அவள் சிரித்துவிட்டாள். கடைசியாக எப்போது சிரித்தாள் என்று யோசிக்கவேண்டியிருந்தது.

அந்தப் படகைக் கட்டியவர் மொத்தம் ஏழுதான் கட்டினாராம். மூன்று தீயில் போனது, இரண்டு மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது, ஒன்றைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். நாலாம் நம்பர் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாமல் குழுவே நாற்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்ததாம். அடுத்த சனிக்கிழமை டாக்டர் இன்னொருத்தியையும் கூட்டிவந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள், ஆறடி உயரம், தோளில் சாக்குப்பை நிறைய உப்புத்தாள். எல்லோருக்கும் அவள் கிரேன் அக்கா. வந்ததும் வராததுமாக இவளைத் "தங்கச்சி" என்றாள். சனிக்கிழமைகள் அப்படித்தான் ஆரம்பித்தன. காலையிலிருந்து வெயில் சாயும்வரை மூன்று பேரும் தகரக் கூரைக்கு அடியில் தேய்த்தார்கள், துடைத்தார்கள், திருகாணிகளை டப்பாவில் வரிசைப்படுத்தினார்கள், கார்பரேட்டரைக் கழற்றி மாட்டினார்கள். குழுவில் முன்பின் பார்த்திராத நாற்பது பேர் அவள் போடும் ஒவ்வொரு போட்டோவுக்கும் காத்திருந்தார்கள். வேலை, வீடு, அப்பா என்று மூன்று சுவருக்குள் இருந்தவளுக்கு நாலாவது பக்கம் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. கோபம் போய்விடவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டே சிரிக்கமுடிந்தது.

டாக்டர்தான் முதலில் கவனித்தார். மரப் படகு பல வருஷம் தண்ணீர் காணாமல் இருந்தால் பலகை சுருங்கி இடுக்கு விழும், மறுபடி நனைத்தால்தான் ஊறி மூடும். வலது பக்கத்தில் அப்படித்தான், இடுக்குகளில் நாணயம் நுழைந்தது. இடது பக்கத்தில் ஒரு தாள்கூட நுழையவில்லை. பலகைகள் ஊறி, பருத்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. "நேத்து வரைக்கும் தண்ணில கிடந்த மாதிரி இருக்கு, இந்தப் பக்கம் மட்டும்," என்றார். கூரை ஒழுகியிருக்கும் என்று கிரேன் அக்கா சொன்னாள். கூரையில் ஓட்டை இல்லை. ஒவ்வொரு வாரமும் இடது தாங்கியில் அடித்த ஆப்பு நசுங்கியிருந்தது. அவள் பெரிய ஆப்பாக வைத்தாள்.

பின் இருக்கைக்குப் பக்கத்தில் இடது விளிம்பைத் தேய்க்கும்போது அந்தக் குழிகள் தெரிந்தன. வெளிப் பக்கத்திலிருந்து உள்ளே வளைந்த பிறை வடிவக் குழிகள். நாலு, ஒரு சாண் தள்ளி இன்னொரு நாலு. பக்கத்திலேயே மரத்தில் ஒரு பள்ளம், இரும்பு முனை ஆழமாக இறங்கிய பள்ளம். டாக்டர் பையிலிருந்து தன் பழைய பூதக்கண்ணாடியையும் கூர் இடுக்கியையும் எடுத்தார். பல் நோண்டுகிற பொறுமையோடு ஒரு குழியிலிருந்து எதையோ எடுத்தார். அரிசி முனையளவு, மஞ்சளாக, மெல்லிசாக. உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"கயிறு உரசின தடம்தானே டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"இல்லைம்மா," என்றார். "இது நகம்."

படகு விளிம்பில் யாரோ தொங்கியிருக்கிறார்கள். யாரோ அந்தக் கையை, படகைக் கரைக்கு இழுக்கிற இரும்புக் கொக்கியால் அடித்திருக்கிறார்கள். அவளுக்குக் கேட்கவேண்டியது எதுவும் பாக்கி இருக்கவில்லை. உப்புத்தாளை எடுத்து, விரல் எரிய எரிய, அந்த எட்டுக் குழியும் மறையும்வரை தேய்த்தாள். ஏன் தேய்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. கிரேன் அக்கா கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. மரப்பசை வைத்து நிரப்பினார்கள். அந்த வாரம் முழுவதும் வேலை முடிந்ததும் வந்து அவளே ஐந்து கோட்டு வார்னிஷ் அடித்தாள். விளிம்பு கண்ணாடி மாதிரி ஆனது.

சனிக்கிழமை கதவைத் திறந்தபோது குழிகள் இருந்தன. பழைய இடத்தில் இல்லை. ஒரு முழம் முன்னால் வந்திருந்தன.

அவளுக்குப் பயம் வரவில்லை. ரத்தம்தான் தலைக்கேறியது. இன்னொரு சாவி கிரேன் அக்காவிடம் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல், தேய்த்தாள், அடைத்தாள், வார்னிஷ் அடித்தாள். அடுத்த சனிக்கிழமை இன்னொரு முழம் முன்னால். எட்டுப் பிறைகள். முன் இருக்கையை நெருங்கிவிட்டன.

அன்றைக்கு அவள் வெடித்தாள். யார் வீட்டுச் சாவை வைத்து விளையாடுகிறீர்கள் என்று கேட்டாள். குழுவில் கதைவிட ஒரு பேய்ப் படகு வேண்டுமா, அதற்கு என் அம்மா கிடைத்தாளா என்று கேட்டாள். கிரேன் அக்கா அழுதுவிட்டாள். அத்தனை பெரிய உருவம் அழுவதைப் பார்த்தும் அவளுக்கு மனம் இளகவில்லை. வெளியே போங்கள் என்றாள். அக்கா சாவியை ஸ்டூல்மேல் வைத்தாள். டாக்டர் மட்டும் வாசலில் நின்று திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். ஈர வார்னிஷ்ல நகம் பட்டா ஓரம் மேடு தட்டும். காஞ்ச வார்னிஷ்ல பட்டா சில்லு பெயரும். இதுல ரெண்டும் இல்லை. நீங்க அடிச்ச அஞ்சு கோட்டும் குழிக்குள்ள இறங்கிக் காஞ்சிருக்கு. நீங்க அடிக்கும்போதே இது இங்க இருந்திருக்கு."

"நான் அடிக்கும்போது இல்லை."

"கண்ணுக்குத் தெரியலை," என்றார் அவர். போய்விட்டார்.

தனியாக நின்றாள். மத்தியான வெயிலில் தகரக் கூரை டிக் டிக் என்று விரிந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம். மரம் மெதுவாக முனகும் சத்தம். லிஃப்ட் பெட்டிக்குள் ஒரு ஆள் கால் வைத்ததும் கயிறு இழுபட்டு முனகுமே, அது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது தாங்கியின் ஆப்பு நசுங்கி, பிதுங்கி, தரையில் விழுந்தது. படகு ஒரு விரல் அளவு சாய்ந்தது.

நேராக வீட்டுக்குப் போனாள்.

அப்பா கூடத்தில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தன் சட்டைகளையும் அவள் யூனிஃபாரத்தையும் அவர்தான் போடுவார், காலர் மடிப்பு பிசகாது. அவள் போனில் குழிகளின் படத்தைத் திறந்து இஸ்திரி மேஜையில், சட்டைக்கு மேலேயே வைத்தாள். அவர் பார்த்தார். மறுப்பார், அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தாள்.

"எங்கே வரைக்கும் வந்திருக்கா?" என்றார் அப்பா.

அவளுக்குப் புரியவில்லை.

"பின் சீட்டைத் தாண்டிட்டாளா, பாப்பா?"

இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் நின்றது. துணி தீயும் வாடை எழுந்தது. அவர் கையை எடுக்கவில்லை, அவளும் எடுக்கச் சொல்லவில்லை. அந்த வாடையிலேயே அவர் சொல்லி முடித்தார். திடீரென்று காற்று வந்ததாம். அம்மா எழுந்தபோது படகு குலுங்கி, இடது பக்கமாக விழுந்தாளாம். விளிம்பைப் பிடித்துக்கொண்டாளாம். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு அவளைத் தூக்கப் போனாராம். படகு சாயச் சாய, இருக்கையிலிருந்த நாலு வயதுக் குழந்தை அந்தப் பக்கமாகச் சறுக்கிக்கொண்டே வந்ததாம்.

"விளிம்புக் கட்டையையே பிடிச்சிருந்தா நான் விட்டிருப்பேனா? கட்டையை விட்டுட்டு உன் காலைப் பிடிச்சா. இழுத்தா. நீ பாதி வெளியே போயிட்டே. விடுன்னு கத்தினேன். அவ முகத்தைப் பார்த்தேன். எனக்கு வேற வழி இல்லை."

"அம்மா என்னைத் தண்ணிக்குள்ள இழுத்தாளா?"

"முழுகிறவங்களுக்குக் கையில எது சிக்குதுன்னு தெரியாதுன்னுதான் முதல்ல நானும் நினைச்சேன். மறுபடியும் கட்டையைப் பிடிச்சா. மறுபடியும் உன் காலுக்குத்தான் வந்தா."

அவள் கை தானாக ஓங்கியது. அடிக்கவில்லை. மேஜையைத் தள்ளினாள், இஸ்திரிப் பெட்டி தரையில் விழுந்து கருப்பாக ஒரு முக்கோணம் போட்டது. பெண்டாட்டியைக் கொக்கியால் அடித்துத் தண்ணீரில் தள்ளியவர், இப்போது பழியையும் அவள் மேலேயே போடுகிறார். பெற்ற தாய் பிள்ளையைப் பலி கேட்டாளாம். பிறந்ததிலிருந்து அவள் அப்பாவை நீங்கள் என்றுதான் பேசியிருக்கிறாள். அன்றைக்கு முதல் தடவையாக மாறியது.

"நீ கோழை. கோழையா இருந்துட்டுப் போ. அவளைப் பத்திப் பேசாதே."

அவர் தலையை ஆட்டினார், ஒப்புக்கொள்வது போல. அந்தப் பணிவு அவளை இன்னும் எரித்தது. படகை ஏன் எரிக்கவில்லை, இத்தனை வருஷம் எதற்குப் பூட்டி வைத்தாய் என்று கத்தினாள்.

"எரிச்சுட்டா அவ பிடிச்சுக்க வேற என்ன இருக்கு?" என்றார் அப்பா. "நீதான் இருக்கே."

பைத்தியக்காரப் பேச்சு. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை படகை இறக்கப் போகிறேன், எந்த இடத்தில் விட்டாயோ அந்த இடத்துக்கு என்னைக் கூட்டிப்போய் அவளிடம் மன்னிப்புக் கேள் என்றாள். அவர் தனியாகப் போகிறேன் என்று கெஞ்சினார். காலைப் பிடிக்கக்கூடக் குனிந்தார். நீ வராவிட்டால் நான் தனியாகப் போவேன் என்று அவள் சொன்னதும்தான் அடங்கினார்.

கிரேன் அக்காவுக்கு ஒரு வரி செய்தி அனுப்பினாள். மன்னிப்புக் கேட்கவில்லை, சனிக்கிழமை பத்து மணிக்குக் கிரேன் வேண்டும் என்று மட்டும். அக்கா வந்தாள். டாக்டரும் வந்தார். இரண்டு பேரும் அவளிடம் பேசவில்லை. யார்டின் பழைய கிரேனில் ஏறி அக்கா பட்டைகளை மாட்டிப் படகைத் தூக்கினாள். தரையிலிருந்து ஒரு அடி எழும்பியதும் நிறுத்தினாள். கேபினிலிருந்து தலையை நீட்டினாள்.

"டாக்டர், கேட்லாக்ல எவ்வளவு போட்டிருந்தது?"

"ஆயிரத்து நூறு கிலோ. டேங்க்ல ஊத்தின பெட்ரோலையும் சேர்த்தா ஆயிரத்து நூத்திருபது."

"இங்க ஆயிரத்து நூத்தி எழுபத்திரண்டு காட்டுது."

டாக்டர் ஓடிப்போய் அடிப்பலகைக்குள் கையை விட்டுப் பார்த்தார். தண்ணீர் இல்லை. காய்ந்து கிடந்தது. அவளுக்குக் கணக்குத் தெரியும். தினமும் அதுதான் வேலை. ஐம்பத்திரண்டு கிலோ என்பது ஒரு ஆள்.

"போகாதே தங்கச்சி," என்றாள் அக்கா, கீழே இறங்கி வந்து, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. "என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு. போகாதே."

அவள் கையை உதறிக்கொண்டாள்.

படகைத் தண்ணீரில் இறக்கியதும் அப்பா ஏறி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்துகொண்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. படகு தண்ணீரில் இடது பக்கம் தாழ்ந்து மிதந்தது. "பின்னால உட்காரு பாப்பா. நடுவுல உட்காரு," என்றார். அவள் வேண்டுமென்றே முன்னால், அவருக்கு இடப்பக்கம், அம்மாவின் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். தோல் உறை ஈரமாக இருந்தது. பேண்ட் நனைந்து சில்லென்று தொடையில் ஒட்டியது. எழுந்திருக்கவில்லை.

எஞ்சின் முதல் திருப்பலிலேயே எடுத்தது. ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் பேச, மஹாகனி மூக்கு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பியது. வெயில் பித்தளையில் தெறித்தது, காற்று அவள் தலைமுடியைப் பின்னால் இழுத்தது, கரையில் டாக்டரும் அக்காவும் சின்னதானார்கள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவளுக்கு எல்லாம் மறந்துபோனது. எவ்வளவு அழகான படகு. இதைத் தேடித்தான் நாற்பது பேர் அத்தனை வருஷம் அலைந்தார்கள், அலையலாம்.

அப்பா எஞ்சினை நிறுத்தினார்.

ஏரியின் நடு. நாலு பக்கமும் ஒரே மாதிரித் தண்ணீர். பலகையில் அலை தட்டும் சத்தம் வலது பக்கம் மட்டும் கேட்டது. இடது பக்கம் சத்தமே இல்லை, ஏதோ ஒன்று அலையை வாங்கிக்கொள்வது போல.

"இங்கேதான்," என்றார்.

"கேளு. மன்னிப்புக் கேளு."

அவர் எழுந்து நின்றார். படகு ஆடியது. தண்ணீரைப் பார்க்கவில்லை, மகள் உட்கார்ந்திருந்த பக்கத்து விளிம்பைப் பார்த்தார். பேசும்போது குரல் நடுங்கவில்லை, பெண்டாட்டியிடம் சாதாரணமாகப் பேசுகிற மாதிரி இருந்தது.

"அவளை விட்டுடு. நான் வரேன். அன்னைக்கே வந்திருக்கணும்."

என்ன சொல்கிறார் என்று அவளுக்கு உறைக்கும் முன் அவர் வலது விளிம்பில் கால் வைத்து இறங்கிவிட்டார். படியில் இறங்குவது போல. வெள்ளைச் சட்டை ஒரு தரம் உப்பியது. அவள் பாய்ந்து பிடிக்கப் பார்த்தாள். காலர் நுனி விரலில் பட்டு நழுவியது. தலை மேலே வந்தது. இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளி, முகத்தை மட்டும் அவள் பக்கம் வைத்திருந்தார்.

"எஞ்சினைப் போடு. போ. என்னைப் பார்க்காதே, போ."

"கையைக் குடு!"

"போ, பாப்பா."

அவள் கையை நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் குனிந்தாள். அப்போது படகு சாய்ந்தது. அவர் பக்கம் அல்ல. அவள் கால் வழுக்கியது. ஈரத் தோலில் சறுக்கி, அம்மாவின் இருக்கைக்கே திரும்பி வந்து விழுந்தாள்.

மறுபடி சாய்ந்தது.

சாவி ஸ்டீயரிங்குக்குக் கீழே. கை நீட்டினாள். விரல் பட்டது. படகு இன்னும் சாய, விரல் விலகியது.

"அவளை இல்லை!" தண்ணீரிலிருந்து அப்பா அலறினார். "இங்கே பார். இங்கே இருக்கேன் பார்!"

மரம் முனகியது. ஐம்பத்திரண்டு கிலோ.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

விளிம்பில் எட்டு விரல்கள். வெளுத்து, ஊறி, நகம் பாதி பெயர்ந்து. வார்னிஷில் அழுந்த அழுந்த, பிறைகள் விழுந்தன. ஈரக் கூந்தல் மேலே வந்தது. நெற்றி. பிறகு கண்கள்.

போட்டோவில் இருந்த அதே முகம். இருபத்தேழு வயது. தன்னைவிடப் பதினாறு வயது சின்னவள். வாய் திறந்திருந்தது, உள்ளே தண்ணீர் தளும்பியது. பக்கத்தில் பத்தடி தூரத்தில் அப்பா அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். குரல் உடைந்து, தண்ணீர் புகுந்து, மறுபடி கூப்பிட்டார். அந்தக் கண்கள் அவர் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.

இவளையே பார்த்தன. அந்தக் கோபம் அவளுக்குத் தெரிந்த கோபம்தான். தினமும் கண்ணாடியில் பார்க்கிற அதே கோபம், அதே புருவ மடிப்பு.

வலது கை விளிம்பை விட்டது. அவசரமில்லாமல், உள்ளே, இருக்கைக்குக் கீழே, அவள் காலைத் தடவிக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டது.